எங்கே கிடைத்தது என்று கேட்ட மனிதர்: ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ்

லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் 160 வருடங்களுக்கு முன்னால் பிடிபட்ட வண்டுகள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஊசியில் குத்தி நிற்கும். அந்த ஊசியில் வண்டுக்குக் கீழே வட்டமான ஒரு காகிதத் துண்டு, நம்ம ஐந்து காசு நாணயத்தை விடச் சின்னது. அதில் கையால் எழுதிய இரண்டு மூன்று எழுத்துகள் மட்டுமே இருக்கும். சரவாக் என்பதற்கு ஒரு சுருக்கம், சிங்கப்பூருக்கு ஒரு சுருக்கம். அவ்வளவுதான்.

இந்தத் துண்டுச் சீட்டை எழுதியவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். பள்ளியில் பரிணாமக் கொள்கை படிக்கும்போது டார்வின் பெயரைத்தான் மனப்பாடம் செய்தோம். வாலஸ் பெயர் வந்திருந்தால் ஒரு வரியில் வந்து போயிருக்கும். ஆனால் டார்வின் கால் வைக்காத நம் மண்ணில், மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் சரவாக்கிலும் சேற்றில் நடந்து வேலை செய்தவர் வாலஸ்தான். அந்தச் சின்னச் சீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது நண்பர்களே.

நில அளவைப் பையன்

வாலஸ் 1823 ஜனவரி 8ஆம் தேதி வேல்ஸில் அஸ்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பாவுக்கு எடுத்த தொழில் எதுவுமே சரியாக அமையவில்லை. பணம் இல்லாததால் 14 வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. பல்கலைக்கழகப் பக்கம் போனதே இல்லை.

அண்ணன் வில்லியம் நில அளவை செய்பவர். தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். சங்கிலியைப் பிடித்து இழுப்பது, கோணம் அளப்பது, வரைபடம் போடுவது என்று ஊர் ஊராக வேலை. சிவில் எஞ்சினியரிங் படிக்கும் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். நாங்கள் முதல் வருடத்தில் வெயிலில் நின்று கற்ற அதே வேலையை வாலஸ் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தார். பிறகு ரயில் பாதைக்கு நிலம் அளந்தார். நீத் என்ற ஊரில் தொழிலாளர்களுக்கான ஒரு கல்விக் கட்டடத்தை இன்னொரு அண்ணன் ஜானோடு சேர்ந்து வடிவமைத்தார்.

அந்தக் காலத்தில் ஊர்ப் பொது நிலங்களை வேலி போட்டுத் தனியார் கைக்கு மாற்றும் சட்டம் இருந்தது. அந்த வேலிக்கான அளவையிலும் வாலஸ் வேலை செய்தார். ஏழைகள் ஆடு மேய்த்த நிலம் கண் முன்னாலேயே கைமாறியது. அது சட்டத்தின் பெயரால் நடந்த திருட்டு என்று வயதான பிறகு எழுதினார். ஒரு கோடு போட்டால் நிலத்தின் தலையெழுத்தே மாறிவிடும் என்பதை அவர் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டார்.

அளவை வேலையில் காடு மேடு சுற்றும்போது செடிகளின் பெயர் தெரிந்துகொள்ள ஆசை வந்தது. மலிவான ஒரு தாவரவியல் புத்தகம் வாங்கினார். பிறகு லெஸ்டர் நகரில் ஆசிரியராக இருந்தபோது ஹென்றி பேட்ஸ் என்ற இளைஞரைச் சந்தித்தார். பேட்ஸுக்கு வண்டுப் பைத்தியம். அது வாலஸையும் தொற்றிக்கொண்டது.

எரிந்த கப்பல்

1848இல் இரண்டு நண்பர்களும் பிரேசிலுக்குக் கப்பல் ஏறினார்கள். கையில் பெரிய பணம் இல்லை. பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து அனுப்பினால் லண்டனில் இருந்த முகவர் விற்றுப் பணம் அனுப்புவார். அதில் சாப்பாடு. அதாவது முழு நேரத் தொழிலே இதுதான்.

அமேசானில் நான்கு வருடம். அங்கே ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. ஆற்றின் இந்தக் கரையில் ஒரு வகைக் குரங்கு, அந்தக் கரையில் வேறு வகை. உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். குறிப்பிட்ட விலங்கு வேண்டுமென்றால் ஆற்றைக் கடந்து போவார்கள். ஆனால் ஐரோப்பிய அரும்பொருளகங்களில் பிரேசில் என்று மட்டும் சீட்டு ஒட்டியிருப்பார்கள். எந்த ஆறு, எந்தக் கரை என்று யாரும் கேட்கவில்லை. இதை ஒரு பெரிய குறையாகவே வாலஸ் எழுதிவைத்தார்.

அங்கே துயரமும் காத்திருந்தது. உதவிக்கு வந்த தம்பி ஹெர்பர்ட் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். 1852இல் ஊர் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. அவரோடு இருந்த சேகரிப்பு முழுவதும் சாம்பல். சில வரைபடங்களையும் குறிப்புகளையும் ஒரு சின்னத் தகரப் பெட்டியில் அள்ளிக்கொண்டு படகில் குதித்தார். பத்து நாள் திறந்த படகில் கிடந்த பிறகுதான் வேறொரு கப்பல் வந்து காப்பாற்றியது. நாமாக இருந்தால் இனி கடல் பக்கமே வேண்டாம் என்றிருப்போம். அவர் இரண்டு வருடத்துக்குள் அடுத்த பயணத்துக்குத் தயார்.

புக்கிட் தீமாவில் வாலஸ்

1854 ஏப்ரலில் சிங்கப்பூர் வந்து இறங்கினார். வயது 31. புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் வீட்டில் தங்கினார். அப்போதே சிங்கப்பூரின் காடு வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. மிளகுக்காகவும் காம்பியர் செடிக்காகவும் காட்டை அழித்தார்கள். காம்பியர் இலையைக் கொதிக்க வைக்க விறகு வேண்டும், அதற்கும் மரம்தான். குன்றுகளின் உச்சியில்தான் பழைய காடு மிச்சம் இருந்தது. புலியும் இருந்தது. புலியைப் பிடிக்கத் தோண்டிய குழிகள் காட்டுக்குள் ஆங்காங்கே மறைந்து கிடக்கும். வாலஸ் பூச்சி வலையோடு அந்தக் குழிகளுக்கு நடுவில்தான் நடந்தார்.

இரண்டு மாதத்தில் அவருக்குக் கிடைத்தவை சுமார் 700 வகை வண்டுகள். அவற்றில் ஏறக்குறைய எல்லாமே ஒரு சதுர மைலுக்கு மேல் போகாத ஒரே காட்டுத் துண்டில்! காரணம் என்ன தெரியுமா? சீனத் தொழிலாளர்கள் அங்கே மரம் வெட்டிப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிப்போட்ட மரம், காய்ந்த இலை, பட்டை, மரத்தூள் எல்லாம் வண்டுகளுக்கு விருந்து. சாகும் மரத்தின் வாசனைக்கு அவை கூட்டமாக வந்தன.

சரவாக்கிலும் இதே கதைதான். மலாக்காவைச் சுற்றி, குனோங் லேடாங் ஏறி இறங்கிய பிறகு, 1854 நவம்பரில் அவர் அங்கே போனார். முதல் நான்கு மாதத்தில் கிடைத்தது 320 வகை வண்டுகள். பிறகு சிமுன்ஜான் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார். அங்கே சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் காட்டைத் திறந்துகொண்டிருந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் எண்ணிக்கை இரட்டிப்பானது. ஒரே நாளில் 76 வகை, அதில் 34 அவருக்குப் புதியவை. பூச்சிக்கு ஒரு காசு என்று கொடுத்ததால் டாயாக் மக்களும் சீனத் தொழிலாளர்களும் கொண்டுவந்து குவித்தார்கள். விரல்களுக்கு நடுவே அகலமான சவ்வு கொண்ட, மரத்திலிருந்து மிதந்து இறங்கும் பறக்கும் தவளையும் அப்படி ஒரு சீனத் தொழிலாளி கொண்டுவந்ததுதான்.

இங்கேதான் என் மனசு கொஞ்சம் தடுமாறும். வாலஸின் மிகச் சிறந்த சேகரிப்பு, காடு சாகும் இடத்தில் கிடைத்தது. அவர் காட்டின் உச்சத்தைப் பார்க்கவில்லை. காட்டின் கடைசி நாள்களைத்தான் எண்ணிக் குறித்துவைத்தார்.

தாயில்லாக் குட்டி

அவரைத் தெய்வமாக்க நான் இதை எழுதவில்லை. சிமுன்ஜானில் அவர் பத்துக்கும் மேற்பட்ட ஓராங் ஊத்தான்களைச் சுட்டுக் கொன்றார். நம்மில் பலருக்கு இந்தப் பகுதி படிக்கவே கஷ்டமாக இருக்கும். ஒரு தாயைச் சுட்டபோது அதன் குட்டி சேற்றில் விழுந்து கிடந்தது. அதை வீட்டுக்குத் தூக்கிவந்து பிள்ளை மாதிரி வளர்த்தார். பால் கிடைக்கவில்லை. கஞ்சித் தண்ணீர் கொடுத்தார், குளிப்பாட்டினார், துணைக்கு ஒரு குரங்குக் குட்டியையும் விட்டார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, குட்டி நோய்வாய்ப்பட்டு இறந்தது. அவருக்கு உண்மையிலேயே துக்கம். அந்தத் துக்கத்துக்குக் காரணமும் அவரேதான்.

அலி

சரவாக்கில் அலி என்ற மலாய்க்கார இளைஞரை வேலைக்குச் சேர்த்தார். முதலில் சமையல். பிறகு பறவை சுடவும் தோல் உரித்துப் பதப்படுத்தவும் கற்றுக்கொண்டு அலி அவரின் வலது கையாகவே ஆனார். பச்சான் தீவில் வாலஸ் பெயரால் இன்று அழைக்கப்படும் சொர்க்கப் பறவையை முதலில் கொண்டுவந்து காட்டியவர் அலிதான். வாலஸ் காய்ச்சலில் கிடந்த நாள்களிலும் வேலை நிற்காமல் நடந்தது அவரைப் போன்றவர்களால்தான். பாடப் புத்தகத்தில் அலி பெயர் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

கடலில் ஒரு கோடு

1856 ஜூனில் வாலஸ் பாலித் தீவிலிருந்து லொம்போக் போனார். நடுவில் இருப்பது ஒரு நீரிணை. தெளிவான நாளில் அக்கரை மலை தெரியும். பாலியில் மரங்கொத்தியும் குக்குறுவானும் பார்த்தார். நம் தீபகற்பத்தில் இருப்பது போன்ற பறவைகள். லொம்போக்கில் இறங்கினால் அவை காணோம். வெள்ளைக் காக்கட்டூக்கள் பறக்கின்றன. மண்ணைக் குவித்து அதற்குள் முட்டையிடும் பறவைகள் நடமாடுகின்றன. எல்லாம் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம் கொண்டாடும் குடும்பங்கள்.

ஒரே வெயில், ஒரே மழை. பிறகு ஏன் இப்படி? அவர் கடலின் ஆழத்தைப் பார்த்தார். நம் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பாலி ஆகியவற்றுக்கு நடுவே கடல் ஆழமில்லை. கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் இவை ஒரே நிலமாக இருந்திருக்க வேண்டும். விலங்குகள் நடந்தே வந்திருக்கும். ஆனால் லொம்போக் நீரிணை ஆழமானது. அது வற்றவே இல்லை. இப்படித் தீவு தீவாகப் போட்ட கோடுதான் இன்று வாலஸ் கோடு. வேலி போட அளந்த அதே நில அளவைப் பையன், இந்த முறை இயற்கை தானே போட்டிருந்த எல்லையைக் கண்டுபிடித்தார்.

இதற்கு முன்பே, 1855இல் சரவாக்கின் சந்துபோங்கில் மழைக்காலத்தில் தனியாக இருந்தபோது, ஒவ்வோர் இனமும் தனக்கு நெருங்கிய இன்னோர் இனத்துக்குப் பக்கத்தில்தான், இடத்திலும் காலத்திலும், தோன்றுகிறது என்று எழுதியிருந்தார். 1858இல் மலுக்குத் தீவுகளில் காய்ச்சலில் நடுங்கியபோது மிச்சப் பாதியும் விளங்கியது. சூழலுக்குப் பொருந்தியவை பிழைக்கின்றன, மற்றவை அழிகின்றன. எழுதி டார்வினுக்கே அனுப்பினார். 20 வருடமாக அதையே யோசித்துக்கொண்டிருந்த டார்வின் அதிர்ந்துபோனார். 1858 ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்தே வாசிக்கப்பட்டன. வாலஸிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அவர் அப்போது நியூ கினியில். தெரிந்த பிறகும் சண்டை போடவில்லை. 1889இல் பரிணாமம் பற்றி எழுதிய தன் புத்தகத்துக்கே டார்வினிசம் என்றுதான் பெயர் வைத்தார்.

கணக்கும் எச்சரிக்கையும்

1862இல் ஊர் திரும்பியபோது எட்டு வருடத்தில் 14,000 மைல் பயணம், 1,25,660 மாதிரிகள். 1863இல் ஒரு கட்டுரையில் அரசாங்கங்களுக்குச் சொன்னார்: காடு அழியும் வேகத்தில் இந்த உயிர்கள் பதிவே இல்லாமல் மறைந்துபோகும், இப்போதே சேகரித்துவையுங்கள், இல்லாவிட்டால் வருங்காலம் நம்மைக் குற்றம் சொல்லும் என்ற பொருளில். 1869இல் மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய அவரின் புகழ்பெற்ற நூல் வந்தது.

பணம் மட்டும் கடைசிவரை தங்கவில்லை. டார்வின் முயற்சியால் 1881இல் வருடம் 200 பவுண்டு அரசு உதவித்தொகை கிடைத்தது. ஆவிகளோடு பேசுவதை நம்பினார், தடுப்பூசியை எதிர்த்தார். அவற்றில் அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை. 1913 நவம்பர் 7ஆம் தேதி, 90 வயதில் இறந்தார்.

நமக்கு என்ன?

காடு வெட்டியதில் நம் குடும்பங்களின் கையும் இருக்கிறது. கொள்ளுத்தாத்தாக்கள் கூலிக்காகக் காட்டைத் திருத்தி ரப்பர் நட்டார்கள். அது அவர்கள் முடிவு இல்லை, வயிறு. இன்று எங்களைப் போன்றவர்கள் படித்துவிட்டு நெடுஞ்சாலைக்கும் வீடமைப்புக்கும் கோடு போடப் போகிறோம். இந்த முறை அது நம் முடிவும்கூட.

புக்கிட் தீமாக் காட்டை 1980களில் ஒரு விரைவுச்சாலை இரண்டாகப் பிரித்தது. 2013இல் அதே சாலைக்கு மேலே மரம் நட்டு விலங்குகள் கடக்க ஒரு பாலம் கட்டி முடித்தார்கள். பிரித்ததும் எஞ்சினியர், சேர்த்ததும் எஞ்சினியர். அந்தப் பாலத்தால் பயன் உண்டா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த விலங்கு, எந்தப் பக்கம், எந்த நாள் என்று யாராவது குறித்திருந்தால்தான். திரும்பவும் வாலஸின் சீட்டுதான்.

அடுத்த முறை முகாமுக்காகவோ மலையேறவோ குனோங் லேடாங் பக்கம் போனால், செல்ஃபியோடு இன்னொன்றும் செய்வோம். பார்த்த ஒரு பறவை, ஒரு பூ, ஒரு வண்டு. அதன் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எங்கே, எப்போது என்று எழுதிவைப்போம். பெயரைப் பிறகு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம். இடம் அழிந்துவிட்டால் அதைக் கேட்க ஆளே இருக்காது.