தென்னகத் திரைப்பட முன்னோடி

ஜவ்வாது மலைத்தொடருக்கு வடகிழக்கே, பாலாற்றின் தென்கரையை அடுத்து விளங்குவது வேலூர். சந்தன மரத்தால் பெயர்பெற்ற அம்மலையும், 1806ஆம் ஆண்டில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த கற்கோட்டையும் அவ்வட்டாரத்திற்குப் புகழ் தந்தவை. வீர வரலாற்றில் இடம்பெற்ற அவ்வூருக்குக் கலை வரலாற்றிலும் ஒரு தனியிடம் உண்டு. தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தை உருவாக்கிய ஆர். நடராஜ முதலியார் பிறந்த ஊர் அதுவே.

முதலியார் 1885ஆம் ஆண்டில் பிறந்தார். அவருக்குப் பத்து வயதாகும் வேளையில், பிரெஞ்சு நாட்டு லூமியேர் உடன்பிறந்தார், அசையும் படங்களைப் பாரிசு நகரில் மக்களுக்குக் காட்டினர். மறு ஆண்டே அப்புதுமை பம்பாய்க்கு வந்தது. 1905ஆம் ஆண்டில், திருச்சியில் இரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகச் சென்று கூடாரத்தில் படம் காட்டத் தொடங்கினார். ஆயினும், திரையில் தோன்றியவை பெரும்பாலும் அயல்நாட்டுக் காட்சிகளே. நம் கதையை நம்மவரே நடித்துப் படமாக்க முடியும் என்பதை 1913ஆம் ஆண்டில் மெய்ப்பித்தவர், 'ராஜா அரிச்சந்திரா' என்னும் படத்தை எடுத்த தாதாசாகேப் பால்கே ஆவார்.

அக்காலத்தில் நடராஜ முதலியார் சென்னையில் வணிகம் செய்துவந்தார். முதலில் மிதிவண்டிகளையும், பின்னர் அமெரிக்க மோட்டார் வண்டிகளையும் அவற்றின் உறுப்புகளையும் விற்றுச் செல்வமும் மதிப்பும் பெற்றார். பால்கேயின் படங்களைக் கண்ட அவருக்குத் தாமும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்னும் வேட்கை பிறந்தது. வேட்கை மட்டும் போதாது. தொழில் தெரிய வேண்டும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். சென்னையில் அதனைக் கற்பிப்பார் இல்லை. எனவே அவர் புனே நகருக்குச் சென்று, அங்கிருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கருவியைக் கையாளும் முறையைக் கற்றார். முப்பது வயதை அடைந்த செல்வ வணிகர், மாணவராகிப் பயில நாணவில்லை.

சென்னைக்குத் திரும்பியபின், தம் உறவினர் தருமலிங்க முதலியாரையும் பிறரையும் பங்காளிகளாகச் சேர்த்து இந்தியா பிலிம் கம்பெனி என்னும் நிறுவனத்தை அமைத்தார். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த ஒரு நிலக்கிழாரிடமிருந்து ஒளிப்பதிவுக் கருவியை வாங்கினார். புரசைவாக்கத்தில், மில்லர்ஸ் சாலையில் படப்பிடிப்பு நிலையம் எழுந்தது.

எக்கதையைப் படமாக்குவது என்னும் வினா அடுத்து எழுந்தது. நாடகத் தந்தை எனப் போற்றப்படும் பம்மல் சம்பந்த முதலியார், பாரதத்தில் வரும் கீசகன் வதைக் கதையைப் பரிந்துரைத்தார். விராடன் அரண்மனையில் பணிப்பெண்ணாக மறைந்து வாழ்ந்த திரௌபதியைத் தீய எண்ணத்தோடு நெருங்கிய கீசகன், வீமனால் கொல்லப்படுவதே அக்கதை. வழக்கறிஞரும் நாடகக் கலைஞருமான ரங்கவடிவேலு, கதையை அமைக்கவும் நடிகர்களைப் பயிற்றவும் துணைநின்றார். ராஜு முதலியார் கீசகனாகவும் ஜீவரத்தினம் திரௌபதியாகவும் நடித்தனர். காட்சிகளை வகுப்பதற்கு ரவிவர்மாவின் ஓவியங்கள் முதலியாருக்கு வழிகாட்டின.

அந்நாளைய படப்பிடிப்பு எளிய செயலன்று. மின்விளக்குகளின் துணையின்றி, கதிரவன் ஒளியிலேயே படம் எடுத்தனர். வெயிலின் கடுமையைத் தணிக்க மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினர். கருவியைக் கையால் சுழற்ற வேண்டும். கை விரைந்தால் திரையில் நடிகரின் அசைவு தளரும். கை தளர்ந்தால் அசைவு விரையும். நொடிக்குப் பதினாறு படங்கள் என்னும் அளவு தவறாமல் சுழற்றுவது ஒரு தவம் போன்றது. எடுத்த படச்சுருளைப் பதப்படுத்தும் கூடம் சென்னையில் இல்லை. குளிர்ந்த தட்பவெப்பம் சுருளுக்கு ஏற்றது என்று கருதிய முதலியார், பெங்களூரில் அக்கூடத்தை அமைத்தார். வார இறுதியில் சுருளோடு அங்குச் சென்று பதப்படுத்தி, திங்கட்கிழமை சென்னைக்கு மீண்டு படப்பிடிப்பைத் தொடர்வார். அதே காலத்தில் அமெரிக்காவில் கிரிஃபித் முதலிய இயக்குநர்கள் பெருங்குழுவைக் கொண்டு படம் எடுத்தனர். இங்கோ தயாரிப்பாளரும் இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் ஒருவரே!

ஏறத்தாழ ஐந்து வாரங்களில் படம் முடிந்தது, செலவு ரூ. 35,000. அன்றைய நிலையில் அது பெருந்தொகை. படம் மக்களுக்குப் பிடிக்காமற்போயின், பல ஆண்டு வணிகத்தில் ஈட்டிய பொருளும் பெயரும் ஒருங்கே அழிந்திருக்கும். ஆனால், சென்னை எல்பின்ஸ்டன் அரங்கில் திரையிடப்பட்ட 'கீசக வதம்' பெருவெற்றி பெற்று, ரூ. 50,000 ஈட்டித் தந்தது. ஊமைப்படமாதலின் பாத்திரங்களின் பேச்சை எழுத்தாகக் காட்டினர். வடநாட்டில் காட்டுவதற்கான இந்தி எழுத்துகளை அமைத்தவர், காந்தியடிகளின் மைந்தர் தேவதாஸ் காந்தி என்பது இங்கு அறியத்தக்கது.

இவ்வெற்றி தந்த ஊக்கத்தால் 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'லவகுசா', 'ருக்மிணி சத்தியபாமா', 'மயில் இராவணன்' முதலிய படங்களை முதலியார் உருவாக்கினார். ஆயின், ஊழ் அவரை நெடுநாள் வாழ்த்தவில்லை. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. படப்பிடிப்பு நிலையம் தீக்கு இரையாயிற்று. அருமை மகனையும் சாவு கவர்ந்துகொண்டது. இவ்விரு பேரிழப்புகளாலும் உள்ளம் நொந்த அவர், 1923ஆம் ஆண்டளவில் திரைத்தொழிலை விட்டு விலகினார். அப்போது அவருக்கு நாற்பது வயதும் நிரம்பவில்லை.

அதன்பின் அவர் நெடுங்காலம் வாழ்ந்தார். 1931ஆம் ஆண்டில் 'காளிதாஸ்' என்னும் படத்தின் வாயிலாகத் திரை தமிழ் பேசத் தொடங்கியது. சென்னை, இந்தியத் திரைத்தொழிலின் பெருநகரங்களுள் ஒன்றாக வளர்ந்தது. தாம் தனியாளாய் நின்று ஊன்றிய விதை ஆலமரமாய்ப் படர்ந்த காலம் முழுவதையும் கண்ட பின்னரே, 1971ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

இன்று 'கீசக வதம்' படத்தைக் காண விரும்புவோர்க்கு அதன் ஒரு சுருளும் கிட்டாது. போற்றிக் காக்கும் வழக்கம் இல்லாத காலத்தில் அது அழிந்துவிட்டது. ஒரு கலைப்படைப்பை ஆக்குவதற்கு எத்துணை உழைப்பு வேண்டுமோ, அத்துணை விழிப்பு அதனைக் காப்பதற்கும் வேண்டும் என்பதை இவ்விழப்பு உணர்த்துகிறது. எனினும், அறியாத தொழிலைத் தேடிச் சென்று கற்று, ஈட்டிய பொருளைத் துணிந்து ஈடுவைத்து, பின்வந்தோர்க்குப் பாதை வகுத்த முதலியாரின் முயற்சி அழியவில்லை. முன்னே நடப்பவனின் அடிச்சுவடு மறையலாம். அவன் வகுத்த வழி மறைவதில்லை.