ஈய எழுத்தின் துணைகொண்டு மலையகத்தை எழுப்பிய நடேசய்யர்

வெளியார் எவரும் துரையின் அனுமதியின்றித் தோட்டத்துக்குள் நுழைய முடியாதிருந்த காலம் அது. அக்காலத்தில் துணி வியாபாரியாக வேடம் பூண்டு லயன்களுக்குள் சென்று, தொழிலாளரின் துயரை நேரிற் கண்டவர் கோ. நடேசய்யர். மலையகத்தின் முதற் பத்திரிகையாளராகவும் முன்னோடித் தொழிற்சங்கவாதியாகவும் போற்றப்படும் அப்பெரியார் 1947 நவம்பர் 7ஆம் திகதி மறைந்தார்.

தஞ்சாவூர் மண்ணிற் பிறந்த அவர், அங்கு பத்திரிகை நடத்திப் பெற்ற அனுபவத்துடனேயே இலங்கைக்கு வந்தார். 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' ஆகிய தமிழ் இதழ்கள் அவரது முயற்சியில் கொழும்பிலிருந்து வெளிவந்தன. மேடையில் முழங்கிய அவரை நினைவுகூரும் நாம், அச்சகத்தில் உழைத்த அவரை மறந்துவிடுகிறோம்.

அன்று ஒரு தாளை அச்சிடுவது எளிதான காரியமன்று. அச்சுக் கோப்பவர், 'கேஸ்' எனப்படும் அறைகள் பிரித்த மரத்தட்டிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, 'ஸ்டிக்' என்னும் கைக்கருவியில் வரிவரியாக அடுக்குவார். சேர்ந்த வரிகள் 'காலி' என்னும் நீண்ட தட்டுக்கு மாறும். அதில் மை தடவி எடுக்கும் முதற்படியே 'புரூஃப்', தமிழில் மெய்ப்பு. பிழை திருத்திய பின் பக்கங்களை இரும்புச் சட்டத்துள் இறுக்கிப் பூட்டினால் அது 'பாரம்'. பாரம் பூட்டியபின் ஒரு சொல்லை மாற்றுவதானாலும் சட்டத்தைத் தளர்த்தியே ஆகவேண்டும். அச்சிட்டு முடிந்ததும் எழுத்துகளைக் கழுவி, மீண்டும் அவற்றின் அறைகளிலேயே பிரித்துப் போடவேண்டும்.

லுணுகலை என்ற ஊர்ப்பெயரைக் கோப்பதற்கு லு, ணு, க, லை என நான்கு அச்சுகள் வேண்டும். பழைய வரிவடிவில் 'லை'யும் தனி அச்சாகவே இருந்தது. தமிழுக்கு இத்தகைய தனி அச்சுகள் ஏராளம். ஆகவே, ஒரு கண்டனக் கட்டுரையின் பின்னால் எழுதியவரின் துணிவு மட்டுமன்றி, அச்சுக் கோப்பவரின் கைவலியும் இருந்தது.

'தேசபக்தன்' தோன்றிய அதே 1924இல்தான் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல அமைத்த பாதை, தலைநகரின் அச்சுத்தாள் ஊவா வரை வருவதற்கும் வழி திறந்தது. பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்குச் சாலை உண்டு. எழுத்தறிந்தோர் சிலரே வாழ்ந்த லயன்களில், ஒருவர் படித்தால் பலருக்குச் செய்தி சென்றடையும்.

இதனை நடேசய்யர் நன்கு உணர்ந்திருந்தார். 1925இல் சட்டநிருபண சபைக்குள் நுழைந்த அவர், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்தார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். தொழிலாளரின் உரிமைகளை அவர்களுக்குப் புரியும் தமிழில் நூல்களாகவும் எழுதினார். அவரது துணைவியார் மீனாட்சியம்மை, தாம் இயற்றிய பாடல்களைக் கூட்டங்களிற் பாடியதோடு 1940இல் அச்சிலும் வெளியிட்டார். படிக்கத் தெரியாதவருக்குப் பாட்டாகவும், தெரிந்தவருக்கு எழுத்தாகவும் ஒரே செய்தி சென்றது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மஸ்கெலியாவில் அவர் தோல்வியுற்றார். சில வாரங்களிலேயே மரணம் அவரை அழைத்துக்கொண்டது. அதற்கடுத்த ஆண்டிற் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இன் சட்டத்தின்கீழ் பிரசாவுரிமை கோரியோர், இந்நாட்டில் வாழ்ந்தமைக்கு ஆவணம் காட்ட வேண்டியவராயினர். தலைமுறைகளாக மலையைப் பசுமையாக்கிய மக்கள், கையில் ஒரு கடதாசி இல்லாமையால் நாடற்றவராயினர்.

கடதாசியின் விலையை இவ்வளவு கசப்பாக அறிந்த சமூகம் வேறில்லை. ஆயினும், தன்னைப் பற்றி அச்சேறிய தாள்களைப் பேணுவதில் நாம் காட்டும் அக்கறை போதாது. சாரல் நாடன் போன்ற ஆய்வாளர்கள் தேடித் தொகுத்திராவிடின், நடேசய்யரின் பணியிற் பெரும்பகுதி இருளில் மறைந்திருக்கும். தனிமனிதரின் முயற்சி ஓரளவுக்கே ஈடுகொடுக்கும்.

லுணுகலை முதல் பதுளை வரையுள்ள பாடசாலைகளும் நூலகங்களும் இதனைக் கையிலெடுக்க வேண்டும். பழைய தகரப் பெட்டிகளிற் கிடக்கும் சங்கத் துண்டுப் பிரசுரங்கள், பாட்டுப் புத்தகங்கள், சந்தாப் பற்றுச்சீட்டுகள் யாவும் வரலாற்றுச் சான்றுகளே. கறையான் அரிக்கும் முன்னர் அவற்றைப் படியெடுத்துக் காப்பதே நடேசய்யருக்கு நாம் செலுத்தக்கூடிய பொருத்தமான அஞ்சலியாகும்.