அல்ஜீப்ராவுக்குப் பெயர் தந்தவர்



ஒருபடிச் சமன்பாடு என்றாலே நம்ம வகுப்பில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். அதிலும் வாக்கியக் கணக்கு வந்தால் அதை அப்படியே விட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். அந்தக் கணக்குகளை நமக்கு எளிதாக்கிய அல்-குவாரிஸ்மியைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன்.

இவர் பிறந்தது சுமார் கி.பி. 780. ஏரல் கடலுக்குத் தெற்கே உள்ள குவாரிஸ்ம் என்ற நாட்டின் பெயரே இவருக்குப் பெயரானது. 813 முதல் 833 வரை ஆண்ட கலீபா அல்-மாமூன் காலத்தில், பாக்தாத்தின் 'ஞான இல்லத்தில்' பணியாற்றினார்.

அப்பா இறந்துவிட்டால் மனைவி, மகன், மகள் இவர்களுக்கு எவ்வளவு பங்கு? கடன் இருந்தால்? உயில் இருந்தால்? கணக்கு தப்பினால் ஒருவர் பங்கு பறிபோகும், குடும்பத்தில் சண்டை வரும். இதற்காகவும், வியாபாரம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் போன்றவற்றுக்காகவும் ஒரு நூல் எழுதினார். அதில் எக்ஸ் கிடையாது, எண்களைக்கூட எழுத்தால்தான் எழுதினார்! தெரியாத எண்ணுக்கு 'பொருள்' என்று பெயர் வைத்தார்.

அவருடைய இரண்டு வழிகளை நான் நம்ம ஊர்க் கணக்கில் போட்டுக் காட்டுகிறேன். 5 பேனா வாங்கினால் கடைக்காரர் 12 ரூபாய் குறைக்கிறார். அந்தத் தொகை, 2 பேனாவும் 9 ரூபாய் நோட்டும் வாங்கும் தொகைக்குச் சமம். ஒரு பேனா என்ன விலை?

முதல் வழி 'அல்-ஜபர்', அதாவது குறைந்ததைச் சரிசெய்தல். குறைத்த 12-ஐ இருபுறமும் கூட்டினால், 5 பேனா = 2 பேனா + 21. அடுத்தது 'அல்-முகாபலா'. இருபுறமும் 2 பேனாவை எடுத்துவிட்டால், 3 பேனா = 21. ஒரு பேனா 7 ரூபாய். சரிபார்ப்போமா? 35 − 12 = 23. 14 + 9 = 23. சரியா வருது!

'பக்கம் மாறினால் குறி மாறும்' என்று நாம மனப்பாடம் செய்வதன் காரணம் இதுதான்.

சுமார் 850-இல் அவர் மறைந்தார். 1145-இல் நூல் லத்தீனுக்குப் போனது. அல்-ஜபர் 'அல்ஜீப்ரா' ஆனது. அவர் பெயரே 'அல்காரிதம்' ஆகி, இன்று கம்ப்யூட்டரில் வாழ்கிறது.

நண்பர்களே, இனி வாக்கியக் கணக்கை விட்டுடாதீங்க. தெரியாததுக்கு ஒரு பெயர் வைங்க, பாதிக் கணக்கு முடிஞ்சது!