கண்டி தந்த சித்திலெப்பை

கண்டி நகரில் ஒரு பாடசாலைக்குப் பெயராகவும், 1977 ஆம் ஆண்டு அரசு வெளியிட்ட ஒரு தபால் முத்திரையின் முகமாகவும் மட்டுமே இன்று பலருக்கும் அறிமுகமாகியிருப்பவர் அறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை. அவரது வாழ்க்கை அத்துடன் அடங்கிவிடுவதன்று. வசதியும் மதிப்பும் வாய்ந்த ஒருவர், தன் சமூகத்தின் தாழ்வுக்குப் பிறரைக் குறை கூறிக்கொண்டு காலம் கழித்திருக்கக்கூடிய ஒருவர், அவ்வாறு செய்ய மறுத்த கதை அது.

1838 ஆம் ஆண்டு ஜூன் 11 ஆம் திகதி கண்டியில் பிறந்த அவர், சட்டத்துறையில் பெயர் பெற்றிருந்த ஒரு தந்தையின் புதல்வர். தமிழும் அறபும் ஆங்கிலமும் கற்றுத் தாமும் புரொக்டரானார். மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கி, 1860களின் நடுப்பகுதியிலேயே உயர் நீதிமன்றப் புரொக்டராகவும் பதிவு பெற்றார். கண்டி மாநகர சபையில் உறுப்பினராக இருந்தார். நீதவானாகவும் பதில் கடமையாற்றினார். கோப்பிப் பயிர் மலைநாட்டுக்குச் செல்வம் கொழிக்கச் செய்த காலம் அது. 1867 இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதமும் வந்து சேர்ந்தது. வழக்குகளுக்கும் வருமானத்துக்கும் குறைவிருக்கவில்லை. அப்படியே இருந்திருந்தால் செல்வந்தராக வாழ்ந்து மறைந்திருப்பார். நாமும் அவரைப் பற்றி எழுத வேண்டியிருந்திராது.

1869 இல் கோப்பி இலைகளில் தோன்றிய நோய் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அப்பயிரையே அழித்தது. தோட்டங்களை நம்பியிருந்த வணிகர்கள் பலர் நிலைகுலைந்தனர். முஸ்லிம்களுள் பெரும்பாலோர் வணிகத்தையே நம்பியிருந்தவர்கள். பாடசாலைகளோ பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷன்களின் கையில் இருந்தன. பிள்ளைகளை அங்கு அனுப்பினால் மதம் மாறிவிடுவர் என்ற அச்சத்தால் பெற்றோர் அவர்களை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டனர். அந்த அச்சம் காரணமற்றது என்று கூறிவிட முடியாது. ஆயினும் அதன் விளைவு என்ன? நீதிமன்றத்திலும் கச்சேரியிலும் தம் காரியத்தைத் தாமே எடுத்துரைக்க இயலாத ஒரு தலைமுறை உருவாயிற்று.

அரசாங்கத்தையும் மிஷன்களையும் சாடுவது சித்திலெப்பைக்கு எளிதாக இருந்திருக்கும். கைதட்டலும் கிடைத்திருக்கும். அவர் தேர்ந்த வழி வேறு. மிஷன் பாடசாலை வேண்டாமென்றால் நம் பாடசாலையை நாமே கட்டவேண்டும், கட்டாமல் இருப்பது நம் குற்றம் என்பதே அவர் வாதத்தின் சாரம். 1882 டிசம்பரில் அவர் தொடங்கிய முஸ்லிம் நேசன் பத்திரிகை இதை வாரந்தோறும் இடித்துரைத்தது. இதை விரும்பாதவர்கள் இருந்தனர். ஆங்கிலக் கல்வியையும், அதற்கு மேலாகப் பெண் கல்வியையும் வலியுறுத்தியவர் மீது ஐயமும் எதிர்ப்பும் எழுந்ததில் வியப்பில்லை.

1883 ஜனவரியில் எகிப்தியத் தளபதி அறாபி பாஷா நாடுகடத்தப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார். தோற்றுப்போய் நாடிழந்து வந்த அந்த மனிதரிடம் சித்திலெப்பை ஒரு துணையைக் கண்டார். இருவரும் நண்பர்களாயினர். கண்டியில் நல்ல வருமானம் தந்த தொழிலைக் கைவிட்டுச் சித்திலெப்பை கொழும்பில் குடியேறினார். 1884 இல் கொழும்பில் ஒரு பாடசாலை திறக்கப்பட்டது. அது நிலைக்கவில்லை; போதிய ஆதரவின்றி நலிந்து போயிற்று.

தொழிலையும் விட்டாயிற்று, பாடசாலையும் போயிற்று என்ற நிலையில் மனிதர்கள் வழக்கமாகச் செய்வது ஒன்றுண்டு. நன்றியற்ற சமூகம் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வர். அவ்வாறு சொல்ல அவருக்கு உரிமையும் இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. அவரோ மீண்டும் ஆட்களைத் தேடிப் புறப்பட்டார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார் போன்றோர் உடனிருந்தனர். 1892 ஓகஸ்டில் மருதானையில் மீண்டும் ஒரு பாடசாலை எழுந்தது. பிற்காலத்தில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே.

கண்டியை அவர் மறந்துவிடவில்லை. அங்கும் கம்பளை, மாத்தளை, குருநாகல் போன்ற ஊர்களிலும் பாடசாலைகள் தோன்ற உழைத்தார். பெண்பிள்ளைகளுக்கென 1890களின் தொடக்கத்தில் கண்டியிலேயே ஒரு பாடசாலை திறந்தார். பிறரிடம் வற்புறுத்தியதைத் தம் சொந்த ஊரில் செய்து காட்டியது இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது.

1885 இல் அவர் எழுதிய அஸன்பேயுடைய கதை இலங்கையில் தோன்றிய முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. எகிப்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்டு, பம்பாயில் வளரும் ஒருவனின் கதை அது. தனக்கு நேர்ந்ததற்கு அவன் பொறுப்பாளியல்லன். தன் கல்விக்கும் நடத்தைக்கும் அவனே பொறுப்பாளி. வழக்கறிஞர் ஒருவர் பாடசாலைக்காக அலைந்துகொண்டிருந்த நாட்களில் ஏன் கதை எழுத உட்கார்ந்தார் என்பதற்கு இதுவே விடையாக இருக்கலாம். இலக்கிய வரலாற்றாசிரியர்கள் முதல் நாவல் என்ற பெருமையுடன் நின்றுவிடுவது நமக்குச் சற்றுக் குறையாகவே படுகிறது.

இறுதிக் காலத்தில் ஞானநெறியில் அவர் நாட்டம் மிகுந்தது. அஸ்றாறுல் ஆலம் என்ற தத்துவ நூல் 1897 இல் வெளிவந்தது. மறு ஆண்டு பெப்ரவரி 5 ஆம் திகதி, அறுபது வயது நிறைவதற்குள் அவர் காலமானார். அப்போது அறாபி பாஷா கண்டியில் வசித்துவந்தார். 1901 இல் அவர் தாயகம் திரும்பினார். அவர் வாழ்ந்த இல்லம் பின்னர் நினைவகமாயிற்று. மருதானைப் பாடசாலையோ 1921 இல் ரி. பி. ஜாயா அதிபராகப் பொறுப்பேற்றபோது, அதற்கு வித்திட்டவர் மறைந்து இருபத்துமூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.