அப்புத்தளையில் பிறந்த கிற்றார்

பதுளை ரயில் பாதையில் அப்புத்தளை நிலையத்தில் இறங்குபவர்கள் பெரும்பாலும் லிப்டன் தேயிலைத் தொழிற்சாலையையும் லிப்டன் சீட்டையும் பார்க்கவே போகிறார்கள். இலங்கையின் சிங்களப் பாட்டுக்குள் மின்சாரக் கிற்றாரைக் கொண்டுவந்தவர் என்று பேசப்படும் கிளாரன்ஸ் விஜேவர்தன பிறந்ததும் இந்த ஊரில்தான், 1943 ஓகஸ்ட் 3இல். நம்மிடையே அவருடைய பெயரைத் தெரிந்தவர்கள் குறைவு. மெட்டுகளைத் தெரிந்தவர்களோ ஏராளம். கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் ஏறிய எவருக்கும் அவருடைய பாட்டு ஒன்றாவது காதில் விழுந்திருக்கும்.

அவருக்கு முன்பு சிங்கள மெல்லிசை என்றால் சித்தார், தபேலா, வயலின், ஹார்மோனியம். வட இந்திய இசையின் செல்வாக்கு அதில் ஓங்கியிருந்தது. இந்தியத் திரைப்பட மெட்டுக்குச் சிங்கள வரியை வைத்துப் பாடுவதும் வழக்கமாக இருந்தது. பைலாக்காரர்களிடம் கிற்றார் இருந்தது, ஆனால் அது தாளத்துக்குத்தான். 1960களின் நடுப்பகுதியில் கிளாரன்ஸ், அனஸ்லி மாலேவனவுடன் சேர்ந்து 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவைத் தொடங்கினார். அங்கே கிற்றார் பாட்டின் பின்னால் நிற்கவில்லை, பாடகரோடு சேர்ந்து பேசியது. எழுத்து, மெட்டு, வாசிப்பு, பாட்டு எல்லாம் அவரிடமே இருந்தன. பின்னர் இந்திராணி பெரேராவின் குரலும் குழுவில் சேர்ந்தது. 'மேங்கோ களு நந்தே' நாடு முழுவதும் ஓடியது.

பண்டிதர்களுக்கு இது பிடிக்கவில்லை. மேல்நாட்டுச் சத்தம் என்றார்கள். வானொலி அறிவிப்பாளர் விஜய கொரயா இந்த இளைஞர்களுக்குக் கைகொடுத்தார். ஜெரால்ட் விக்ரமசூரிய தன் 'சூரியா' இசைத்தட்டுகளில் அவர்களைப் பதிவுசெய்தார். அதே காலத்தில்தான் தமிழிலும் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன், திருகோணமலை பரமேஸ் போன்றோர் பொப்பிசையோடு மேடையேறினார்கள். இரு மொழிகளிலும் ஒரே கிற்றார்தான் ஒலித்தது. இதை எவரும் ஒரே வரலாறாக எழுதாதது எனக்கு ஒரு குறை.

அன்றைய ஒலிப்பதிவை இன்று கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். குழு முழுவதும் ஓர் அறையில் நிற்கும். ஒருவர் பிழைவிட்டால் எல்லோரும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். சிறிய இசைத்தட்டில் பெரும்பாலும் நான்கு பாட்டு, அதற்குக் கொழும்புக்குப் போய்வர வேண்டும். இன்று பண்டாரவளையிலோ பசறையிலோ இருக்கும் ஒரு பையன் கிற்றார் வயரை ஒரு சின்னப் பெட்டியில் செருகி, அதைக் கணினியோடு இணைத்து, 'ஓடாசிட்டி' போன்ற இலவச மென்பொருளில் முதலில் தாளத்தைப் பதிகிறான். பிறகு அதைக் காதில் கேட்டபடி அதன்மேல் மெட்டு, அதன்மேல் குரல். பிழைத்த இடத்தை மட்டும் வெட்டி மீண்டும் வாசிக்கலாம். ஹெட்ஃபோனில் தன் வாசிப்பே ஒரு நொடியில் சிறு பங்கு பிந்திக் கேட்டுத் தாளம் குழம்பும், அதையும் மென்பொருளில் சரிசெய்யலாம். சரிசெய்ய முடியாதது லயத்தின் தகரக் கூரையில் பெய்யும் மழை. அதற்காகப் போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டு, மழை விடும்வரை காத்திருப்பார்கள். ஒரு குழுவும் ஒரு கம்பனியும் சேர்ந்து செய்த வேலை ஒரு அறைக்குள் வந்துவிட்டது. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கும்போது வரும் இழுவை அந்த அறைக்குள் வருவதில்லை. கிளாரன்ஸின் பழைய பதிவுகளில் அது கேட்கும்.

'மூன்ஸ்டோன்ஸ்' காலம் முடிந்ததும் 'கோல்டன் சைம்ஸ்' வந்தது. 1970களில் இறக்குமதி இறுக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டுப் பொருள் எதுவும் எளிதில் கிடைக்காத அந்த வருடங்களில் மின்சார இசைக்கருவியோடு ஒரு குழுவை நடத்துவது சின்ன விடயமல்ல. திரைப்படத்துக்கும் இசையமைத்தார், எச்.டி. பிரேமரத்னவின் 'அபேக்ஷா' (1978) அவற்றில் ஒன்று. கசெற் வந்தபின் 'தரங்கா' நிறுவனத்தோடு வேலைசெய்தார். பாட்டு தட்டிலிருந்து நாடாவுக்கு மாறியது. தோட்டத்துக் கடைகளிலும் அது ஒலித்தது.

1983 ஜூலையில் பதுளை நகரிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எரிந்த வீடுகளில் றேடியோக்கள் இருந்தன, இசைத்தட்டுகள் இருந்தன. சிங்களப் பாட்டுத் தட்டுகளும் இருந்திருக்கும். அதன்பின் அந்த மெட்டுகளைக் கேட்பது எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்கவில்லை. சிலர் றேடியோவை மூடினார்கள், சிலர் மூடவில்லை. இரண்டு பக்கத்தையும் என்னால் குறைசொல்ல முடியாது. பஸ் சோதனைச் சாவடியில் நின்று, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி இறங்கும்போது, பின்னால் சாரதியின் கசெற்றில் ஒரு இனிய மெட்டு ஓடிக்கொண்டிருந்தால், மெட்டின்மேல் கோபப்படுவதா வேண்டாமா என்று தெரியாது. மெட்டும் மனதில் ஒட்டிக்கொள்ளும், சாவடியும் ஒட்டிக்கொள்ளும்.

1996 டிசம்பர் 13 அன்று கிளாரன்ஸ் இறந்தார். 53 வயது. தென்னிலங்கையில் பெரும் துக்கம். அந்த மாதம் வன்னியில் இருந்த நம்மவர்கள் கிளிநொச்சியை இழந்து, காட்டு ஓரங்களில் கூடாரம் போட்டிருந்தார்கள். பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கும். சைக்கிள் டைனமோவை உருட்டித்தான் பலர் றேடியோ கேட்டார்கள். பெடலை மிதிப்பவர் களைத்தால் குரல் தேயும், மீண்டும் மிதித்தால் எழும். செய்தி கேட்பதற்கே அந்த மிதிப்பு, பாட்டுக்கு ஒதுக்க முடியாது. சில வீடுகளில் மட்டும், செய்தி முடிந்த பிறகும் ஒரு பிள்ளை இறங்காமல் மிதித்துக்கொண்டிருந்திருக்கும்.