வெள்ளிக்கு மாற்றுரைத்த கே-லுசாக்

ஜோசப் லூயி கே-லுசாக்கை வாயு விதியோடு விட்டுவிடுவது நம் பாடப்புத்தகங்களின் வழக்கம். பிப்பெட், பியூரெட் என்னும் பெயர்களை ஆய்வுக்கூட வழக்கிற்குக் கொண்டுவந்தவரும் அவரே. ஆயினும் அவர் வாழ்வில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு வெள்ளிச் சோதனைதான்.

1778ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். வழக்கறிஞரான தந்தை புரட்சியின் கொந்தளிப்பில் சிறைப்பட்டார். மகன் பாரிசுக்கு வந்து பயின்று, வேதியியலறிஞர் பெர்த்தொலேயின் உதவியாளரானார். 1804இல் தனியாகப் பலூனில் ஏறக்குறைய 7,000 மீட்டர் உயரம் சென்று திரும்பினார். 1808இல் வாயுக்களின் பருமன் விதியைக் கண்டார். அதே 1808இல், ஆய்வின்போது பொட்டாசியம் வெடித்து அவருடைய கண்கள் புண்பட்டன. அப்படிப்பட்டவர் பிற்காலத்தில் கண்ணையே கருவியாகக் கொண்ட சோதனைக்கு வழிகாட்டினார் என்பதை எண்ணும்போது என் வியப்பு அடங்குவதில்லை.

1829இல் பாரிசு நாணயச் சாலையில் அவர் தலைமைச் சோதகரானார். அன்று வெள்ளிக்கு மாற்றுப் பார்த்தது நம் பொற்கொல்லர் அறிந்த புடமிடும் முறையால்தான். ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பற் கிண்ணத்தில் உருக்குவார்கள்; கலப்பு உலோகம் கிண்ணத்திற்குள் இறங்கிவிடும்; எஞ்சிய வெள்ளி மணியை நிறுப்பார்கள். ஆனால் வெள்ளியிலும் சிறிது கிண்ணத்தோடு போய்விடும், சிறிது ஆவியாகும். ஆகவே முடிவு எப்போதும் குறைவாகவே காட்டும். ஆயிரத்தில் 900 பங்கு இருக்க வேண்டிய நாணயம் சோதனையில் தேற வேண்டுமானால் அதற்கு மேலும் வெள்ளி போட வேண்டும். ஒரு நாணயத்தில் அற்பம். இலட்சக்கணக்கான நாணயங்களில் நாட்டின் செல்வம்!

1832இல் அவர் வெளியிட்ட முறையில் நெருப்பே இல்லை. நாணயத்தின் மாற்று 897 என்று வைத்துக்கொண்டால், 1.115 கிராமில் தூய வெள்ளி 1 கிராம் இருக்கும். அவ்வளவை நிறுத்து நைட்ரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். 100 மில்லி லிட்டர் சரியாக 1 கிராம் வெள்ளியைப் பிடிக்குமாறு செய்த உப்புக் கரைசலை அதில் ஊற்றிக் குலுக்கினால், வெள்ளிக் குளோரைடு தயிர்போலத் திரண்டு அடியில் தங்கும்; மேலே நீர் தெளியும். பின்னர், பத்தில் ஒரு பங்கு வலிமையுள்ள உப்புக் கரைசலை ஒவ்வொரு மில்லி லிட்டராக இடவேண்டும். மேகம்போல் கலங்கினால் வெள்ளி இன்னும் உண்டு. குலுக்கித் தெளியவிட்டு மீண்டும் இடவேண்டும். கலங்காவிட்டால் முடிவுநிலை கடந்துவிட்டது. நிறங்காட்டி ஏதும் வேண்டாம், நீரே சொல்லிவிடும்.

அவர் நுட்பம் இதற்குப் பின்தான். கலங்காத கடைசி அளவை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. கலங்கிய கடைசி அளவைப் பாதியாகவே கொள்வார். ஒவ்வொரு மில்லி லிட்டரும் 1 மில்லிகிராம் வெள்ளிக்குச் சமம் ஆதலால், பிழை ஏறக்குறைய ஆயிரத்தில் அரைப் பங்குக்குள் அடங்கிற்று. ஐயத்தை மறைக்காமல் அதற்கும் ஓர் அளவு வைத்த இந்த நேர்மையை நான் பலூன் பயணத்திற்கும் மேலாக மதிக்கிறேன்.

பிரெஞ்சு மொழியில் தங்கம் வெள்ளியின் மாற்றுக்குத் தீத்ர் என்று பெயர். டைட்ரேஷன் என்னும் சொல் அதிலிருந்து பிறந்ததே. நாமும் தரம்பார்த்தல் என்கிறோம், பொருத்தமான பெயர்!

1850 மே 9ஆம் நாள் அவர் பாரிசில் மறைந்தார். பின்னர் டச்சு அறிஞர் மூல்டர் ஒரு சிக்கலைக் காட்டினார். வெள்ளிக் குளோரைடு நீரில் மிகச் சிறிது கரைவதால், முடிவருகே உப்பை இட்டாலும் கலங்கும், வெள்ளியை இட்டாலும் கலங்கும் நிலை ஒன்று உண்டு. ஜெர்மானியரான மோர், உப்பை வெள்ளி நைட்ரேட்டால் அளக்கும்போது பொட்டாசியம் குரோமேட்டைக் காட்டியாகச் சேர்த்தார். அந்தச் செங்கல் நிறம் எந்தத் துளியில் முதலில் தோன்றிற்று என்று நம் ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசையில் நிற்கும் இருவருக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது.