கடலுக்கடியில் ஓர் ஊசல்

அலையும் காற்றும் இல்லாமல் கடல் முற்றிலும் அமைதியாக இருந்தாலும், அதன் பரப்பில் மேடு பள்ளங்கள் இருக்கும். அடர்த்தி மிகுந்த பாறைகள் நீரைத் தம் பக்கம் இழுக்கின்றன. அதனால் ஓரிடத்தில் நீர் மேடாகவும் வேறிடத்தில் பள்ளமாகவும் நிற்கிறது. இலங்கைக்குத் தெற்கே உள்ள பள்ளம் 100 மீட்டருக்கும் அதிகமானது! இந்தக் கடல் மட்டத்தை நிலத்துக்கு அடியிலும் நீட்டிக் கற்பனை செய்தால் கிடைக்கும் வடிவத்தை ஜியாய்டு என்பர்.

புவியீர்ப்பு விசையை அளந்து ஜியாய்டைக் கணக்கிடும் சூத்திரத்தை 1849இல் ஸ்டோக்ஸ் என்னும் கணித அறிஞர் தந்தார். ஆனால், அதற்கு உலகம் முழுவதும் எடுத்த அளவுகள் தேவை. கடலிலோ ஏறக்குறைய எந்த அளவும் இல்லை. உலகின் பெரும்பகுதியே கடல் என்பதால் அந்தச் சூத்திரம் நெடுங்காலம் ஏட்டிலேயே கிடந்தது.

இந்நிலையை மாற்றியவர் ஃபெலிக்ஸ் வெனிங் மைனெஸ். அவர் 1887இல் நெதர்லாந்தில் பிறந்தார். டெல்ஃப்ட் நகரில் கட்டடப் பொறியியல் பயின்று 1910இல் பட்டம் பெற்றார். பின்னர், தம் நாட்டின் ஈர்ப்பு விசையை அளக்கும் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் ஊசலை ஆடவிட்டு, அது ஆடும் நேரத்தைக் கொண்டே ஈர்ப்பு விசையைக் கணக்கிட்டனர். நெதர்லாந்தின் மண் மிகவும் மென்மையானது. தரை அதிர்ந்ததால் அளவுகள் பிழையாயின.

வெனிங் மைனெஸ் ஓர் எளிய வழியைக் கண்டார். ஒரே மாதிரியான இரண்டு ஊசல்களை அருகருகே ஒரே தளத்தில் ஆடவிட்டார். தரை அசைந்தால் இரண்டும் ஒன்றுபோலப் பாதிக்கப்படும். ஒன்றின் அசைவிலிருந்து மற்றதன் அசைவைக் கழித்துவிட்டால் அதிர்வு நீங்கிவிடும் அல்லவா? மென்மையான மண்ணுக்காகப் பிறந்த இந்த யோசனைதான் அவருக்குக் கடலின் கதவைத் திறந்தது.

கப்பலின் மேல்தளத்தில் அலைகளின் ஆட்டம் மிக அதிகம். ஆழத்தில் அமைதி உண்டு. எனவே, 1923இல் அவர் தம் கருவியுடன் கே 2 என்ற நீர்மூழ்கிக் கப்பலில் ஜாவாவுக்குப் புறப்பட்டார். அவரோ ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமானவர். கப்பலின் உட்புறமோ மிகக் குறுகியது. வெப்பமும் நெருக்கடியும் நிறைந்த அந்த அறைகளில் அவர் குனிந்தபடியே நடமாடியிருப்பார். ஆயினும், அவர் இத்துடன் நிற்கவில்லை. மேலும் பல பயணங்களை மேற்கொண்டார். 1926இல் பனாமா வழியாகவும், 1934இல் புறப்பட்டுத் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா வழியாகவும் ஜாவாவை அடைந்தார்.

நம் அண்டைக் கடலில் அவர் கண்டது வியப்பானது. சுமத்திராவின் மேற்கிலிருந்து ஜாவாவின் தெற்கு வழியாக மலுக்குத் தீவுகள் வரை, ஈர்ப்பு விசை மிகவும் குறைந்த நீண்ட பட்டை ஒன்று வளைந்து சென்றது. அங்கே புவியின் மேலோடு உள்நோக்கி மடிந்திருப்பதாக அவர் கருதினார். அவருடைய விளக்கம் பின்னாளில் திருத்தப்பட்டது. ஆனால், அவர் எடுத்த அளவுகள் நிலைத்தன. புவித்தட்டு ஒன்று மற்றொன்றின் அடியில் நுழையும் இடம் அது என்று இன்று அறிகிறோம். 2004ஆம் ஆண்டின் பேரலையைக் கிளப்பிய நிலநடுக்கமும் சுமத்திராவுக்கு மேற்கே அங்குதான் தோன்றியது.

1928இல் அவர் ஸ்டோக்ஸின் பணியை விரிவுபடுத்தினார். கொத்தனாரின் தூக்குக்குண்டு ஓரிடத்தில் எவ்வளவு சாய்ந்து தொங்கும் என்பதையும் ஈர்ப்பு அளவுகளைக் கொண்டே கணக்கிடும் சூத்திரத்தை அமைத்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியர் நாட்டைக் கைப்பற்றியபோது அவர் எதிர்ப்பு இயக்கத்தில் பங்கேற்றார். போருக்குப்பின் நாட்டின் வானிலை ஆய்வு நிலையத்துக்குத் தலைமை தாங்கினார். 1966இல் அமெர்ஸ்ஃபூர்ட் நகரில் காலமானார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேசியாவின் ஜியாய்டை வரைவதற்கு ஈர்ப்பு விசையை அளந்தபோது, கருவிகள் விமானத்தில் பறந்தன.